வாசல்ல நிக்கிற ஏழிலைப்பாலை மருந்தா விஷமா, டெங்கு காய்ச்சலுக்கு அந்தப் பட்டைக் கஷாயம் குடுக்கலாமா?

நீங்க கேட்டதை நான் புரிஞ்சுக்கிட்டபடி ஒரு தடவை சொல்லிடறேன், தப்பா இருந்தா திருத்துங்க. டெல்லி துவாரகால உங்க சொசைட்டி கேட் பக்கத்துல வரிசையா ஏழிலைப்பாலை மரம் நிக்குது, தசரா முடிஞ்ச கையோட பூத்து ராத்திரியானா வாசனை வீட்டுக்குள்ள வந்து உங்களுக்குத் தலையை வலிக்குது, தென்காசியில இருந்து வந்திருக்கிற உங்க மாமியார் மரத்தைப் பார்த்ததுமே "இது காய்ச்சலுக்கு அருமையான மருந்தாச்சே, பட்டையைச் சீவிக் கஷாயம் வெச்சுக் குடுத்தா டெங்கு கிங்கு ஒண்ணும் அண்டாது"ங்கிறாங்க, எதிர்வீட்டு ஆன்ட்டி இது ஷைத்தான் மரம், கிட்டவே போகாதேங்கிறாங்க, சொசைட்டிக்காரங்க மரத்தையே வெட்டணும்னு கையெழுத்து வாங்கறாங்க. இதுல எது உண்மை, மருந்தா விஷமானு கேட்டிருக்கீங்க. ஆனா கடைசி வரியில "பையனுக்கு நேத்துல இருந்து லேசா உடம்பு சுடுது"ன்னு ஒண்ணு எழுதியிருக்கீங்க பாருங்க, நிஜமான கேள்வி அதுதான்னு எனக்குத் தோணுது. அந்த ஏழு வயசுப் பையனுக்கு இந்தக் கஷாயத்தைக் குடுக்கலாமா கூடாதா.

குடுக்காதீங்க. மத்ததையெல்லாம் பொறுமையா சொல்றேன், அதுக்கு முன்னாடி இதை முடிச்சுக்கலாம். டெல்லியில அக்டோபர் மாசம் காய்ச்சல்னா டெங்கு, மலேரியா, சிக்குன்குனியா, டைஃபாய்டு, சாதா வைரல் எல்லாமே சுத்திக்கிட்டு இருக்கும், உடம்பைத் தொட்டுப் பார்த்து எதுன்னு சொல்ல முடியாது. இன்னைக்கே பையனைக் குழந்தைகள் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க, டெங்குவுக்கான என்எஸ்1 டெஸ்ட் காய்ச்சல் ஆரம்பிச்ச முதல் அஞ்சு நாளுக்குள்ள எடுத்தாதான் சரியா காட்டும், கூடவே மலேரியா டெஸ்ட்டும் பிளட் கவுண்ட்டும் பார்க்கச் சொல்வாங்க. காய்ச்சலுக்கு அவன் எடைக்கு டாக்டர் சொல்ற அளவு பாராசிட்டமால் மட்டும், வீட்ல இருக்குன்னு ஆஸ்பிரினோ ஐபுப்ரோஃபெனோ குடுத்துடாதீங்க, டெங்குவா இருந்தா அது ரத்தக்கசிவைக் கூட்டும். கஞ்சி, மோர், இளநீர், ஓஆர்எஸ் எது இறங்குதோ அதைக் குடிக்க வைங்க.

நான் டாக்டர் இல்லை, அதையும் சொல்லிடணும். நான் படிச்சது மருந்தியல்ல பார்மகாக்னசிங்கிற பிரிவு, அதாவது வேர், பட்டை, இலை, விதைன்னு கடைக்கு வர்ற சரக்கை எடுத்து இது சொன்ன மரத்தோடதுதானா, உள்ள என்ன சத்து இருக்கு, என்ன கலப்படம்னு பார்க்கிற படிப்பு. இங்க டெல்லியில பார்மஸி பசங்களுக்கு இதைத்தான் இருபத்திரண்டு வருஷம் சொல்லிக்குடுத்தேன். ஊர் நாகர்கோவில் பக்கம், மயூர் விஹார் வந்து முப்பது வருஷம் ஆச்சு. அதனால மரத்தைப் பத்தியும் பட்டையைப் பத்தியும் நான் சொல்றதை நம்பலாம், உங்க பையனோட காய்ச்சலைப் பத்தி அவனைப் பார்க்கிற டாக்டர் சொல்றதுதான் முடிவு.

முதல்ல மரம். உங்க மாமியார் அதைப் பார்த்த உடனே அடையாளம் கண்டுபிடிச்சாங்களே, அது எனக்கு ரொம்ப சந்தோஷமா இருந்துச்சு, ஏன்னா டெல்லியில நூறு பேரைக் கேட்டா தொண்ணூறு பேருக்கு அது பூக்கிற மாசத்துல மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். குற்றாலம், தென்காசி, குமரி மாவட்டம், கேரளான்னு மேற்குத் தொடர்ச்சி மலையோட ஈரமான காட்டுல தானா வளர்ற மரம் அது, வடக்கே இமயமலை அடிவாரத்துலயும் உண்டு, கிழக்கே வங்காளம், பர்மா, பிலிப்பைன்ஸ்னு ஆஸ்திரேலியாவோட வடக்கு வரைக்கும் போகுது. டெல்லி அதோட சொந்த ஊர் இல்ல, எப்பவும் பச்சையா இருக்கும், குடை மாதிரி அடுக்கடுக்கா நிழல் தரும், ஆடுமாடு கடிக்காதுன்னு ரோட்டோரம் கொண்டுவந்து நட்டாங்க. ஒரு கணுவுல சுத்தி ஏழு இலை நிக்கும்ங்கிறதால ஏழிலைப்பாலை, சம்ஸ்கிருதத்துல சப்தபர்ணம், ஆனா எண்ணிப் பார்த்தீங்கன்னா அஞ்சு இருக்கும், ஆறு இருக்கும், எட்டு கூட இருக்கும், ஏழுங்கிறது ஒரு கணக்குக்கு. கிள்ளினா வெள்ளையா பால் வரும், பாலைங்கிற பேரு அதனாலதான்.

செடியியல் பேரு அல்ஸ்டோனியா ஸ்கோலாரிஸ். எடின்பரோவுல இருந்த சார்லஸ் அல்ஸ்டன்ங்கிற தாவரவியல் பேராசிரியர் பேரை முன்னாடி வெச்சிருக்காங்க, ஸ்கோலாரிஸ்ங்கிறது பள்ளிக்கூடத்தோட சம்பந்தப்பட்டது, இந்த மரம் லேசா வெள்ளையா இருக்கும்ங்கிறதால பிள்ளைங்க எழுதுற பலகை செய்வாங்க, அதுல வந்த பேரு. வங்காளத்துல சாத்திம்னு சொல்லுவாங்க, மேற்கு வங்கத்தோட மாநில மரமே இதுதான், சாந்திநிகேதன்ல தேவேந்திரநாத் தாகூர் தியானம் பண்ணின இடம் ஒரு சாத்திம் மரத்தடி, அங்க இருக்கிற விஸ்வபாரதி பல்கலைக்கழகத்துல பட்டம் வாங்கற பசங்க கையில சப்தபர்ணி இலையைக் குடுக்கிற வழக்கம் இருந்துச்சு. அதே மரத்தை எங்க ஊர்ப்பக்கமும் கேரளாவுலயும் யட்சி குடியிருக்கிற மரம்னு சொல்லி ராத்திரி கிட்ட விடமாட்டாங்க, ஹிந்தியில ஷைத்தான் கா ஜாட். சின்ன வயசுல எங்க பாட்டி விளக்கு வெச்ச பிறகு பாலமரத்துப் பக்கம் போகக்கூடாதுன்னு என்னைப் பிடிச்சு வெப்பாங்க, இருட்டினதுக்கு அப்புறம்தான் அதோட வாசனை ஏறும், ஆள் இல்லாத இடத்துல திடீர்னு பூ வாசனை வந்தா யாருக்குதான் முதுகு சில்லுன்னு ஆகாது. உங்க எதிர்வீட்டு ஆன்ட்டி சொல்றது வெறும் பயம்னு தள்ளவும் முடியாது, மரத்துல ஷைத்தான் இல்லதான், ஆனா பட்டையில வீரியம் இருக்கு, அதுக்குக் கீழே வர்றேன்.

இப்ப மருந்து விஷயம். உறுதியா சொல்லக்கூடியது என்னன்னா, இது நேத்து வாட்ஸ்அப்புல முளைச்ச வைத்தியம் இல்ல. ஆயுர்வேதத்துல விஷம ஜுரம், தோல் வியாதிக்குச் சொல்லியிருக்கிற சரக்கு, சித்தத்துலயும் பட்டையைக் காய்ச்சலுக்கும் கழிச்சலுக்கும் குடுப்பாங்க, மரத்துல வடியற பாலை ஆறாத புண்ணுல தடவுவாங்க, பல்வலிக்கு வெப்பாங்க. அரசாங்கத்தோட ஆயுர்வேத பார்மகோபியாவுல, அதாவது மருந்துச் சரக்குகளுக்கான அதிகாரபூர்வமான புத்தகத்துல, சப்தபர்ணப் பட்டைக்குத் தனியா பக்கமே இருக்கு. பிலிப்பைன்ஸ்ல இதுக்கு டிட்டான்னு பேரு, பத்தொன்பதாம் நூற்றாண்டுல மணிலாவுல இந்தப் பட்டையில இருந்து டிட்டைன்னு ஒரு கசப்புச் சத்தைப் பிரிச்சு எடுத்து அந்தக் கால மலேரியா மருந்தான குயினைனுக்குப் பதிலா காய்ச்சல்காரங்களுக்குக் குடுத்துப் பார்த்திருக்காங்க. குயினைன் 1820ல சிங்கோனாப் பட்டையில இருந்து பிரிச்சு எடுத்தது, அந்தக் காலத்துல விலை ஜாஸ்தி, அதனால உலகம் முழுக்க எந்த மரத்துப் பட்டை கசந்தாலும் இது குயினைனா இருக்காதான்னு பார்த்துக்கிட்டு இருந்த நேரம் அது. நம்ம நீலகிரியில சிங்கோனா தோட்டம் போட்டதும் அதே அவசரத்துலதான்.

இதுல கவனிக்க வேண்டிய ஒரு வார்த்தை இருக்கு. விஷம ஜுரம்னா நம்ம ஊர்ல முறைக்காய்ச்சல்னு சொல்லுவோமே அது, ஒருநாள் விட்டு ஒருநாள் குளிரோட வந்து வியர்த்து இறங்கும், இன்னைக்கு நாம வைவாக்ஸ்ங்கிற வகை மலேரியான்னு சொல்றதோட நிறைய ஒத்துப்போகும். உங்க மாமியார் காதுல சின்ன வயசுல இருந்து விழுந்தது "பாலைப் பட்டை காய்ச்சலுக்கு நல்லது"ன்னுதான், எந்தக் காய்ச்சல்ங்கிறது நடுவுல எங்கேயோ உதிர்ந்து போச்சு. டெங்கு வேற. அது வைரஸ், கொசுவும் வேற கொசு, உடம்புக்குள்ள அது பண்ற வேலையும் வேற. முறைக்காய்ச்சலுக்குச் சொன்ன பட்டையைத் தூக்கி டெங்குவுக்குப் போடறதுக்கு நம்ம பழைய வைத்தியத்துலயே ஆதாரம் கிடையாது. நான் நவீன மருத்துவத்துக்காகப் பேசறேன்னு நினைக்காதீங்க, அந்தப் பழைய வைத்தியர் முன்னாடி போய் நின்னாலும் அவரும் முதல்ல என்ன காய்ச்சல்னுதான் கேட்பார்.

சரி, மலேரியாவுக்காவது வேலை செய்யுதான்னு கேட்டா, இங்கதான் சந்தேகமான பகுதி ஆரம்பிக்குது. பட்டையில இருக்கிற முக்கியமான ஆல்கலாய்டு, அதாவது செடியில இருக்கிற வீரியமான சத்து, எக்கிட்டமைன். குயினைன் மாதிரி இது மலேரியா கிருமியைக் கொல்லும்னு எதிர்பார்த்து லேப்ல சோதிச்சாங்க, எதிர்பார்த்த அளவு கொல்லலை. எலிக்கு மலேரியா கொண்டுவந்து பட்டைச் சாறு குடுத்துப் பார்த்ததுல எலிகள் கொஞ்சம் கூடுதல் நாள் தாக்குப்பிடிச்சுது, அவ்வளவுதான். மனுஷங்ககிட்ட பார்த்ததுன்னா, ஆயுஷ்-64னு ஒரு மாத்திரை கேள்விப்பட்டிருப்பீங்க, 2021ல கொரோனா ரெண்டாவது அலையப்போ லேசான, மிதமான தொற்றுக்குக் குடுக்கலாம்னு ஆயுஷ் அமைச்சகம் சொல்லி எல்லாரும் தேடினாங்களே, அது கொரோனாவுக்காகப் பண்ணினது இல்ல, இங்க ஜனக்புரியில தலைமை ஆபீஸ் இருக்கிற மத்திய ஆயுர்வேத ஆராய்ச்சிக் கவுன்சில் பல வருஷம் முன்னாடியே மலேரியாவுக்காக உருவாக்கினது. அதுல நாலு சரக்கு, நம்ம ஏழிலைப்பாலைப் பட்டை, கடுகுரோகிணி, நிலவேம்பு மாதிரியே கசக்கிற கிராதம், அப்புறம் கழற்சி. இதை வைவாக்ஸ் மலேரியாக்காரங்களுக்குக் குடுத்து, மலேரியாவுக்குக் குடுக்கிற குளோரோகுயின் மாத்திரையோட ஒப்பிட்டு 2000ல ஒரு ஆய்வு வந்துச்சு, 28வது நாள் பார்த்தப்போ குளோரோகுயின் சாப்பிட்ட எல்லாருக்கும் குணமாகியிருந்துச்சு, ஆயுஷ்-64 சாப்பிட்டவங்கள்ல ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான் ஆகியிருந்துச்சு. பாதிங்கிறது பூஜ்யம் இல்லதான், ஆனா உங்க பிள்ளைக்கு மலேரியான்னா அந்தப் பாதியை நம்பி உக்காருவீங்களா? நான் உக்கார மாட்டேன். முறையா அளந்து, நாலு சரக்கு சேர்த்து, மாத்திரையா பண்ணினதுக்கே இந்தக் கதின்னா ரோட்டோர மரத்துல சீவின பட்டைக்கு என்ன உத்தரவாதம்.

அப்ப இத்தனை நூறு வருஷம் ஜனங்க சும்மாவா குடிச்சாங்கன்னு கேப்பீங்க, என் ஸ்டூடன்ட்ஸும் வருஷா வருஷம் இதே கேள்வியைக் கேப்பாங்க. சும்மா இல்ல. கடும் கசப்பு நாக்குல பட்டா எச்சில் ஊறும், வயித்துல ஜீரண நீர் சுரக்கும், காய்ச்சல் விட்டுப்போய் வாயெல்லாம் கசந்து சோறு இறங்காம கிடக்கிறவனுக்கு நாலு நாள் இதைக் குடுத்தா பசி எடுக்கும், எழுந்து உக்காருவான். நிலவேம்பு, வேப்பம்பட்டை எல்லாம் பண்ற அதே வேலை. அதுவும் இல்லாம முறைக்காய்ச்சல் இயல்பிலேயே வந்து வந்து விடுற காய்ச்சல், கிருமியில ஒரு பகுதி ஈரல்ல ஒதுங்கி உக்காந்திருக்கும், அன்னைக்குக் கஷாயம் குடிச்சிருந்தா கஷாயத்தாலதான் போச்சுன்னு நினைப்பாங்க, ஆறு மாசம் கழிச்சு திரும்ப வந்தா அதைப் புதுக் காய்ச்சல்னு நினைப்பாங்க. என்னோட கணிப்பு, இந்தப் பட்டை காய்ச்சலைப் போக்கினதை விட காய்ச்சலுக்கு அப்புறம் ஆளைத் தேத்தினதுலதான் பேர் வாங்கியிருக்கும்.

இன்னொரு சுவாரஸ்யமான விஷயம், சீனாவுல யுன்னான் பக்கம் தாய் (Dai) ங்கிற இனத்து மக்கள் இதோட இலையை நாள்பட்ட இருமலுக்கும் மார்ச்சளிக்கும் குடுக்கறாங்க, அதுல இருக்கிற ஆல்கலாய்டுகளைப் பிரிச்சு கேப்ஸ்யூலாக்கி மனுஷங்ககிட்ட சோதனை வரைக்கும் கொண்டு போயிருக்காங்க. இந்த மரத்துல இருந்து எதிர்காலத்துல உருப்படியா ஒரு மருந்து வரும்னா அது காய்ச்சலுக்கு இல்ல, மூச்சுக்குழாய்க்குத்தான் வரும்னு நான் நினைக்கிறேன். அதுக்காக இலையைப் பறிச்சு டீ போட்டுடாதீங்க. கேன்சர் குணமாகும்னு ஒரு ஃபார்வர்ட் சுத்துது, அது எலியில பண்ணின சோதனையை வெச்சு எழுதினது, எலியைத் தாண்டி மனுஷனுக்குப் பலன் காட்டினது எதுவும் இல்ல, விட்டுடுங்க.

இப்ப விஷம்ங்கிற பக்கம். இதை நான் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லணும், ஏன்னா இங்கதான் உயிர் போற இடம் இருக்கு. மங்களூர், உடுப்பி பக்கம் துளு பேசற ஜனங்ககிட்ட ஒரு வழக்கம் உண்டு, அவங்க ஆட்டி மாசத்து அமாவாசை அன்னைக்கு விடியறதுக்கு முன்னாடி எழுந்து போய் பாலை மரத்துப் பட்டையைக் கத்தி வெக்காம கல்லால தட்டி எடுத்துட்டு வருவாங்க, மிளகு, பூண்டு, ஓமம் சேர்த்து அரைச்சுச் சாறு எடுப்பாங்க, வெள்ளைக் கல்லை நெருப்புல பழுக்கச் சுட்டு அந்தச் சாறுக்குள்ள போட்டு, வெறும் வயித்துல கொஞ்சூண்டு குடிப்பாங்க, அப்புறம் சூடு தணியறதுக்கு வெந்தயக் கஞ்சி. வருஷத்துல ஒரே ஒரு நாள், ஒரே ஒரு வேளை. ஆட்டி மாசம்னா அங்க ஜூலை ஆகஸ்ட், கொட்டுற மழை. மங்களூர் மணிபால் பக்கத்து ஆராய்ச்சியாளர்கள் வெவ்வேறு பருவத்துல எடுத்த பட்டைச் சாறை எலிகளுக்குக் குடுத்துப் பார்த்து 2004ல எழுதினாங்க, கோடையில எடுத்த பட்டைக்கு விஷத்தன்மை ரொம்ப ஜாஸ்தி, அடுத்து குளிர்காலத்துல எடுத்தது, மழைக்காலத்துல எடுத்ததுக்குத்தான் ஆகக் குறைவு. அதைப் படிச்ச அன்னைக்கு நான் புத்தகத்தை மூடி வெச்சுட்டு ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன். ஆட்டி அமாவாசைன்னு நாள் குறிச்சவங்களுக்கு எக்கிட்டமைன் தெரியாது, ஆனா எந்த மாசத்துல எடுத்துக் குடிச்சா உடம்பு தாங்குதுன்னு பார்த்துப் பார்த்துக் கண்டுபிடிச்சிருக்கணும்னு என் மனசு சொல்லுது, இதை நிரூபணம்னு சொல்ல மாட்டேன், எலி ஆய்வையும் ஒரு சடங்கையும் பக்கத்துல வெச்சுப் பார்த்த என்னோட ஊகம்னு எடுத்துக்கோங்க. ஆனா ஒண்ணு நிச்சயம், அதே பட்டைதான்னாலும் எந்த மாசம், எவ்வளவு, யார் எடுத்ததுங்கிறதைப் பொறுத்து அது வேற வேற பொருள். இப்ப டெல்லியில மழை முடிஞ்சு குளிர் தொடங்குற நேரம், அதையும் கணக்குல வைங்க.

அதே ஆட்டி அமாவாசை அன்னைக்குத்தான் அந்தப் பக்கத்துல இன்னொரு செய்தியும் வந்திருக்கு, இருட்டுல மரம் தெரியாம எட்டி மரத்துப் பட்டையைத் தட்டிட்டு வந்து குடிச்சு ஆஸ்பத்திரியில சேர்ந்தவங்க உண்டு, உயிர் போனவங்களும் உண்டு. எட்டின்னா காஞ்சிரம், ஸ்ட்ரிக்னைன்ங்கிற கொடிய விஷம் இருக்கிற மரம், உடம்பு வில்லு மாதிரி வளைஞ்சு இழுக்கும். பகல்ல பார்த்தா ரெண்டுக்கும் வித்தியாசம் பளிச்னு தெரியும், ஏழிலைப்பாலை இலை கணுவைச் சுத்தி வட்டமா நிக்கும், நீளமா இருக்கும், கிள்ளினா பால் வரும், எட்டி இலை ரெண்டு ரெண்டா எதிரெதிரா இருக்கும், அகலமா அடியில இருந்தே மூணு அஞ்சு நரம்பு ஓடும், பால் வராது. ஆனா பட்டையை மட்டும் உரிச்சு ஒரு பேப்பர்ல பொட்டலம் கட்டிக் குடுத்தா நானே மைக்ராஸ்கோப்புல வெச்சுப் பார்க்காம சொல்ல மாட்டேன்.

இதுக்கு இன்னொரு குழப்பம் நம்ம தமிழ்ப் பேர்லயே இருக்கு. பாலைன்னு எத்தனை மரம் பாருங்க. வெட்பாலை இருக்கு, அதோட இலையைத் தேங்காய் எண்ணெயில போட்டு வெயில்ல வெச்சா எண்ணெய் ஊதா நிறமா மாறும், சோரியாசிஸுக்குத் தடவுவாங்க, கர்நாடகாவுல சன்னபட்டணத்து மரப்பொம்மை கடையறது கூட அந்த மரத்துலதான். குடசப்பாலை இருக்கு, அதோட பட்டையும் விதையும் சீதபேதிக்கு. இந்த ரெண்டையும் வெள்ளைக்காரன் காலத்துல இருந்தே கடைக்காரங்க மாத்தி மாத்தி வித்துக்கிட்டு இருக்காங்க, கடைச் சரக்குல ஒண்ணுக்குப் பதிலா இன்னொண்ணு வர்றது எங்க படிப்புல பாடமாவே இருக்கு. உலக்கைப்பாலைன்னு ஒண்ணு, அதுவும் பால் வர்ற மரம்தான், ஆனா இலுப்பை, சப்போட்டா குடும்பம், பழம் இனிக்கும், பாலைப்பழம்னு கேட்டா அதைத்தான் காட்டுவாங்க. அதனால யாராவது "பாலைப் பட்டை"ன்னு மொட்டையா சொன்னா எந்தப் பாலைன்னு கேக்காம கை வெக்கக்கூடாது. ஒரு வருஷம் என் ஸ்டூடன்ட்ஸை டெல்லியோட மொத்த வியாபார மசாலாச் சந்தையான காரி பாவ்லிக்கு அனுப்பி மூணு கடையில சப்தபர்ணி சால்னு, அதாவது சப்தபர்ணப் பட்டைன்னு ஹிந்தியில கேட்டு வாங்கிட்டு வரச் சொன்னேன், மூணும் வாங்கிட்டு வந்தாங்க, வெட்டி ஸ்லைடு போட்டுப் பார்த்தா ரெண்டுதான் ஏழிலைப்பாலை, மூணாவது என்னன்னு அன்னைக்கு முழுக்க உக்காந்தும் எங்களால முடிவு பண்ண முடியலை. கடைக்காரர் பொய் சொன்னார்னு நான் நினைக்கலை, அவருக்கு அப்படித்தான் மூட்டை வந்திருக்கு.

கர்ப்பமா இருக்கிறவங்க இதைத் தொடவே கூடாது, வயித்துல குட்டி இருக்கிற எலிகளுக்குக் குடுத்துப் பார்த்ததுல அதிக அளவுல குட்டிக்குப் பாதிப்பு வந்திருக்கு. குழந்தைங்களுக்கு வீட்டு வைத்தியமா கூடாது. பிபி, சுகர் மாத்திரை சாப்பிடறவங்க தகுதியுள்ள சித்த, ஆயுர்வேத டாக்டர்கிட்ட கேக்காம கூடாது.

நாலு வருஷம் முன்னாடி எங்க பிளாக்ல நடந்ததைச் சொல்றேன், அன்னைல இருந்துதான் இந்தப் பேச்சை எங்க கேட்டாலும் நான் வாய் மூடிட்டு இருக்கறதில்ல. ஒரு மாமி, அறுபது வயசு இருக்கும், டெங்குன்னு டெஸ்ட்ல வந்தாச்சு, டாக்டர் வீட்ல இருந்து பார்த்துக்கலாம்னு அனுப்பிட்டார். யாரோ சொல்லி எங்க பார்க்ல இருக்கிற ஏழிலைப்பாலையில பட்டையைச் சீவி மூணு வேளை கஷாயம் குடிச்சிருக்காங்க. நாலாம் நாள் காய்ச்சல் இறங்கிடுச்சு, வயித்து வலி, விடாம வாந்தி. கஷாயம் கசப்பு, வயித்துக்கு ஒத்துக்கலை போலன்னு எல்லாரும் ஒரு நாள் முழுக்க இருந்துட்டாங்க. டெங்குவுல காய்ச்சல் இறங்குற அந்த ரெண்டு நாள்தான் ஆபத்தே, ரத்தக்குழாய்ல இருந்து நீர் கசியற நேரம், அப்ப வர்ற வயித்து வலியும் வாந்தியும்தான் ஆஸ்பத்திரிக்கு ஓடு ஓடுன்னு உடம்பு குடுக்கிற சத்தம். அந்தச் சத்தத்தைக் கஷாயத்து மேல பழியைப் போட்டு அமுக்கிட்டாங்க. கடைசி நேரத்துல கொண்டு போய் ஐசியுவுல அஞ்சு நாள் வெச்சுப் பிழைச்சாங்க. கஷாயம் அவங்களைக் கெடுத்துச்சான்னு என்னால நிரூபிக்க முடியாது, ஆனா வயித்தைப் பிரட்டுற ஒரு பொருளை டெங்கு நேரத்துல உள்ள அனுப்பினா எது நோய், எது மருந்தோட வேலைன்னு பிரிச்சுப் பார்க்க முடியாம போயிடும், அதை நான் கண்ணால பார்த்தேன். உங்க பையனுக்கு வயித்து வலி, நிக்காத வாந்தி, ஈறுல மூக்குல ரத்தம், கை கால் சில்லுனு ஆகறது, எப்பவும் இல்லாம சோர்ந்து தூங்கிக்கிட்டே இருக்கறது, ஒண்ணுக்குப் போறது குறையறது இதுல எது வந்தாலும் ராத்திரி ரெண்டு மணின்னாலும் காத்திருக்காதீங்க.

வாசனை விஷயத்துக்கு வர்றேன். உங்களுக்குத் தலைவலி வர்றது மனப்பிரமை இல்ல. பூவுல லினலூல் மாதிரி ஆவியாகிற வாசனைப் பொருள் நிறைய, ராத்திரி காத்து அசையாம இருக்கிறப்போ அப்படியே தங்கிடும், அதே நேரத்துலதான் டெல்லியோட புகையும் தரையிறங்குது, மூக்கு ஏற்கனவே புண்ணாகி இருக்கிறவங்களுக்கு எந்தக் கனமான வாசனையும் எரிச்சலைக் கிளப்பும், ஆஸ்துமாக்காரங்களுக்கு மூச்சு முட்டலாம். ஆனா இதோட மகரந்தம்தான் டெல்லி ஆஸ்துமாவுக்குக் காரணம்னு சொல்றதை நான் அப்படியே ஏத்துக்க மாட்டேன், இது பூச்சி வந்து மகரந்தம் எடுத்துட்டுப் போற பூ, காத்துல தூள் பறக்க விடுற ஜாதி இல்ல. பழியில பெரிய பங்கு புகைக்குத்தான் போகணும், மரம் கண்ணுக்குத் தெரியுது, புகையைக் கைநீட்டிக் காட்ட முடியலை, அதான் வித்தியாசம். சாயங்காலம் ஆறு மணிக்கு மரத்துப் பக்க ஜன்னலைச் சாத்திடுங்க, காலையில வெயில் ஏறினதும் திறங்க, பூ நவம்பர் கடைசிக்குள்ள கொட்டிடும். வீஸிங் மாதிரி இருந்தா நுரையீரல் டாக்டரைப் பாருங்க, தலைவலின்னு மட்டும் விட்டுடாதீங்க.

மரத்தை வெட்டறது சொசைட்டி கையெழுத்தால நடக்கிற காரியம் இல்ல. 1994ல வந்த டெல்லி மரப் பாதுகாப்புச் சட்டப்படி வனத்துறையில இருக்கிற மர அதிகாரிகிட்ட அனுமதி வாங்கணும், பட்டையைச் சுத்தி உரிக்கிறதும் கூட அந்தச் சட்டத்துல மரத்தை வெட்டின கணக்குலதான் வரும். சுத்தி உரிச்சா மரம் செத்துப்போயிடும்ங்கிறது உங்க மாமியாருக்கே தெரிஞ்சிருக்கும். ரோட்டோர மரத்துப் பட்டையில வண்டிப்புகையோட தூசி படிஞ்சிருக்கும், கரையானுக்கு மருந்து அடிச்சிருப்பாங்க, அதுக்காகவும் அதைக் காய்ச்சிக் குடிக்கக் கூடாது.

மாமியார் மனசு கோணாம எப்படிச் சொல்றதுன்னு நீங்க கேக்கலை, ஆனா கேட்டிருப்பீங்கன்னு நினைச்சுச் சொல்றேன். அவங்க சொன்ன மரம் சரி, அது மருந்துங்கிறதும் சரி, இந்தக் காய்ச்சலுக்கு இல்லன்னு மட்டும் சொல்லுங்க. பையனுக்குச் சரியானதும் ஒருநாள் சாவகாசமா உக்காந்து, அவங்க ஊர்ல பட்டையை எந்த மாசம் எடுத்தாங்க, மரத்தோட எந்தப் பக்கம், கத்தியா கல்லா, எத்தனை நாள் காய வெச்சாங்க, கூட என்ன சேர்த்தாங்க, எத்தனை வேளை குடுத்தாங்க, யாருக்குக் குடுக்க மாட்டாங்கன்னு கேட்டு எழுதி வைங்க. கடைசிக் கேள்வியை விட்டுடாதீங்க, யாருக்குக் குடுக்கக்கூடாதுங்கிறதை அந்தக் காலத்து ஆளுங்க பக்குவமா தெரிஞ்சு வெச்சிருப்பாங்க, எங்க பாட்டிகிட்ட அதைக் கேக்கணும்னு எனக்குத் தோணினப்போ அவங்க இல்லை. நீங்க எழுதினதை இங்கேயே போட்டீங்கன்னா நான் படிக்கிறேன், டெஸ்ட்ல என்ன வந்துச்சுன்னும் சொல்லுங்க.